கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் குரல்

பாட்டு எழுதுகிறோம். மேடை போட்டுப் பாடுகிறோம். பாட்டின் அரசியல் பற்றிப் பக்கம் பக்கமாய் விவாதிக்கிறோம். ஆனால் அந்தப் பாட்டு ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய் வெளியே வரும்போது என்ன ஆகிறது என்பது பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ‘அது டெக்னிக்கல் விஷயம், அவங்க பாத்துப்பாங்க’ என்று சவுண்ட் எஞ்சினியர் கையில் ஒப்படைத்துவிட்டு வாசலில் நின்று டீ குடிக்கிறோம். பிரதியில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் நாலு பக்கத்துக்கு எதிர்வினை எழுதுகிறவர்கள் நாம். குரலை மட்டும் ஏன் இப்படிக் கைகழுவி விடுகிறோம்? நானும் அப்படி டீ குடித்தவன்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து, வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பதிவு செய்ய முனைந்தோம். பாடியவர் அறுபதைத் தாண்டிய பெண். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆயா. இங்கும் அப்படியே இருக்கட்டும். வயலில் அவர் பாடினால் நாலு கழனி தள்ளிக் களை பறிக்கிறவர்கள் எதிர்ப்பாட்டு எடுப்பார்கள். அப்படிப்பட்டவரை டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனோம். காலை பத்து மணி. ஏ.சி. அறை. இரண்டு காதிலும் ஹெட்ஃபோன். முன்கூட்டியே கீபோர்டில் போட்டு வைத்திருந்த சுதி. ‘டிக் டிக்’கென்று கிளிக். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எஞ்சினியர் சொன்னார்: ‘கத்தாதீங்க ஆயா, அதான் மைக்கு இருக்கில்ல.’

பதினான்கு டேக். கடைசியில் கிடைத்தது சுதி சுத்தமாய், தாளம் சுத்தமாய், பிணம் மாதிரி ஒரு குரல். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஆயா என்னிடம் கேட்டார்: ‘யார் செத்ததுன்னு சொல்லாம அழச் சொன்னா எப்பிடிப்பா அழறது?’

இந்தத் தோல்வியை எஞ்சினியரின் தனிப்பட்ட குற்றமாகப் பார்ப்பது சுலபம். ‘கத்தாதீங்க’ என்கிற அந்தச் சொல்லுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு நிற்கிறது. 1902இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. ஒரு பெரிய புனல். பாடுகிறவரின் மூச்சு எழுப்பும் அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீற வேண்டும். மின்சாரம் உதவிக்கு வராது. பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரைத் தானே அறிவிப்பார். ஜெர்மனியின் ஹானோவர் ஆலையில் தட்டு அச்சடிக்கிறவனுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. அந்தக் காலத்தில் ‘நல்ல குரல்’ என்றால் ஊசியைத் தள்ளுகிற குரல். உச்ச ஸ்தாயியில் பாடகர் புனலை விட்டுப் பின்னால் நகர வேண்டும், தாழும்போது முன்னால் வர வேண்டும். பாடகரைத் தோளைப் பிடித்து இழுக்கவும் தள்ளவுமே ஆள் நின்றதுண்டு.

1925இல் மின்வழிப் பதிவு வந்தது. இப்போது ரகசியம் பேசுகிற குரலைக்கூடப் பெரிதாக்க முடியும். அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் காதோரம் கிசுகிசுக்கும் ஒரு பாடும் முறையையே உண்டாக்கிவிட்டார்கள். நம்மூரில் மைக் இல்லாத நாடகக் கொட்டகைக்கென்று உருவான குரல்கள் இருந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா அப்படி, கே.பி. சுந்தராம்பாள் அப்படி. கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனை எட்ட வேண்டிய குரல்கள் அவை. தமிழில் பின்னணி பாடும் முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ‘நந்தகுமார்’ படம் வந்தது 1938இல். அதற்குப் பின் உடம்பு ஒருபக்கம், குரல் ஒருபக்கம். மைக்குக்கு அரை அடி தூரத்தில் பிறந்த மென்மையை நாம் இயற்கையின் ‘இனிமை’ என்று நம்பப் பழகிவிட்டோம். அந்த அளவுகோலில் வயல்வெளிக் குரல் ‘கத்தல்’ ஆகாமல் வேறென்ன ஆகும்?

ரோலான் பார்த் 1972இல் எழுதிய ‘குரலின் சொரசொரப்பு’ கட்டுரையை நம் ஆட்கள் கவிதை விமர்சனத்துக்கு ஏகப்பட்ட தடவை பயன்படுத்தியாயிற்று. ஆனால் அவர் பேசியது நிஜமான பாடகர்களைப் பற்றி. ஃபிஷர்-டீஸ்காவ் குறையில்லாமல் பாடுகிறார், ஆனால் அங்கே கேட்பது நுரையீரல் மட்டுமே. பான்ஸெராவிடம் நாக்கும் பல்லும் தொண்டையும் கேட்கின்றன, உடல் கேட்கிறது என்பது அவர் வாதம். இதை உருவகமாக விட்டுவிடாமல் அப்படியே மைக் முன்னால் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். உடல் எப்போது கேட்கும்? உடல் தன் பழக்கத்தில் இருக்கும்போது. ஒலிப்பதிவு நுட்பத்தில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான்.

ஹெட்ஃபோனிலிருந்தே தொடங்கலாம். முதல் நாளின் பெரிய வில்லன் அதுதான். நம் குரலை நாம் இரண்டு வழியில் கேட்கிறோம்: காற்று வழியாகக் காதுக்கு வருவது ஒன்று, எலும்பு வழியாக மண்டைக்குள் வருவது இன்னொன்று. இரண்டு காதையும் மூடிவிட்டால் முதல் வழி அடைபடுகிறது. எஞ்சினியர் என்ன அனுப்புகிறாரோ அதுதான் உங்கள் குரல். சத்தத்துக்கு நடுவில் மனிதர் தானாகவே குரலை உயர்த்துகிறார் என்பதை எதியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதினார். ஹெட்ஃபோனிலும் அதேதான். வாத்தியம் ஓங்கித் தன் குரல் அமுங்கினால் பாடகர் தள்ளிப் பாடுவார், சுதி மேலே ஏறும், தொண்டை சீக்கிரம் கட்டும். தன் குரலே ஓங்கிக் கேட்டால் பயந்து உள்ளே இழுத்துக்கொள்வார், சுதி கீழே இறங்கும். ஆக ‘சுதி சேரலை’ என்று பாடகரைத் திட்டுவதற்கு முன் அவர் காதில் என்ன போகிறது என்று எஞ்சினியர் அந்த ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர் செய்வதில்லை. ஒரு காதை மட்டும் மூடி இன்னொன்றைத் திறந்து விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரிய மேடைப் பாடகர்களே அப்படித்தான் செய்கிறார்கள். திறந்து விட்ட பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மைக்கில் கசியும். கொஞ்சம் எதிரொலி கலந்து கொடுத்தால் குரலுக்கு நிற்க இடம் கிடைத்தது போலிருக்கும். கணினிவழிப் பதிவில் இன்னொரு தொல்லை உண்டு. பாடியது ஒரு நொடியின் நூறில் சில பங்கு தாமதமாய்த் திரும்பக் கேட்டாலும் போதும், பாடகர் தன் வார்த்தையைத் தானே துரத்த ஆரம்பித்துவிடுவார். அவருக்கு ஏன் என்றே தெரியாது. தனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்தது சுதி. ஆயாவுக்கு எந்தக் கட்டை ஒத்துவரும் என்று யாரும் கேட்கவில்லை. கீபோர்டு சுதி அவருடையதைவிட ஏறக்குறைய அரைக்கட்டை மேலே இருந்தது என்று பிறகுதான் கண்டுபிடித்தோம். எந்தத் துணையும் இல்லாமல் அவரைப் பாடவிட்டு, எங்கே வந்து உட்காருகிறாரோ அங்கே சுதி வைப்பதுதான் முறை. கிளிக் விஷயமும் இதேதான். நடவுப் பாட்டுக்குத் தாளம் கையிலும் காலிலும் இருக்கிறது. ஒப்பாரிக்குத் தாளமே மூச்சுதான். மூச்சுக்குக் கிளிக் வைக்க முடியுமா?

என் பங்குக் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அடி எடுத்துக் கொடுக்க நான் தாளோடு நின்றேன். அவர் ஊரில் பாடியதைக் கேட்டு எழுதிய தாள்தான். எழுதும்போது ‘எங்கூட்டு’ என்பதை ‘எங்க வீட்டு’ என்று ஆக்கியிருக்கிறேன். எம்.ஏ. தமிழ் படித்த கை, தன்னையறியாமல் திருத்தியிருக்கிறது. ஒரு அசை கூடினால் மூச்சுக் கணக்கு உதைக்கும். ஆயா ஒவ்வொரு டேக்கிலும் அந்த இடத்தில் தடுக்கினார், நான் ஒவ்வொரு தடவையும் ‘சரியாக’ எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரம் என்றால் இந்தப் பக்கம் நான் ஒரு அதிகாரம்.

கண்ணாடி பற்றி இன்னும் கொஞ்சம். ஃபூக்கோவைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு முறை அந்த அறைக்குள் நின்று பாடிப் பாருங்கள். டேக் முடிகிறது. ஹெட்ஃபோனில் நிசப்தம். கண்ணாடி வழியே மூன்று பேர் வாய் அசைகிறது, ஒருவர் சிரிக்கிறார். அவர்கள் மத்தியானச் சாப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். உள்ளே நிற்கிறவருக்கு அது தீர்ப்பு. ஐந்து நொடி போதும், அடுத்த டேக்கின் குரல் சுருங்கிவிடும். டேக் முடிந்த உடனே டாக்பேக் பொத்தானை அழுத்தி ஏதாவது பேசிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் மரியாதை. பேசுவது ஒருவராக இருக்க வேண்டும். ‘ஒன் மோர்’ என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. ‘மூணாவது அடியில மூச்சு பத்தலை போல, அதுக்கு முந்தி நிறுத்தி எடுத்துக்கலாமா’ என்று கேட்டால் அது வேலை. ‘இன்னும் ஃபீலோட’ என்பது ஒன்றும் சொல்லாமல் குற்றம் மட்டும் சாட்டுவது.

இரண்டாவது முறை வேறு ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கே இருந்த இளைஞர் மைக்கைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி: ‘ஆயா, நீங்க வழக்கமா எங்க நின்னு பாடுவீங்க?’

‘நின்னு எங்க தம்பி பாடறது? ஒப்பாரின்னா உக்காந்து, பொம்பளைங்க கழுத்தக் கட்டிக்கிட்டு.’

நின்று பாடினால்தான் மூச்சு விரியும் என்று எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கும். அந்த இளைஞர் பாயை விரித்தார், மைக்கைத் தாழ்த்தினார். ஆயாவோடு வந்த இரண்டு பெண்களையும் உள்ளேயே உட்கார வைத்தார். ஏ.சி.யை நிறுத்தினார். நேரம் சாயங்காலம் ஆறு. அதுவும் ஆயா கேட்ட நேரம். காலை பத்து மணிக்குத் தொண்டை இன்னும் முழுசாய் எழுந்திருக்காது என்பது பாடுகிற எல்லோருக்கும் தெரியும், ஸ்டுடியோ அட்டவணைக்குத்தான் தெரியாது. முதலில் ஒரு மணி நேரம் வெறும் பேச்சு, வெந்நீர், வெற்றிலை. அதற்குள்ளேயே ‘சும்மா லெவல் பாக்கறேன்’ என்று சொல்லிப் பதிவை ஓடவிட்டிருந்தார். பதிவு என்று அறிவிக்காத பதிவில்தான் பல சமயம் நல்லது மாட்டும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. பிறகு அவரிடம் சொல்லிவிட்டோம்.

மைக் வைப்பது பற்றி இணைய விளம்பரங்கள் பரப்பும் மூடநம்பிக்கை ஒன்று உண்டு: விலை கூடினால் குரல் கூடும் என்று. தூரமும் கோணமும்தான் முக்கியம். ஒருதிசை மைக்குக்கு நெருங்க நெருங்க அடிக்குரல் பருத்துக் கேட்கும். மெல்லப் பாடுகிறவருக்கு ஒரு சாண் தூரம் சரி. ஆயா போன்றவருக்கு ஒன்றரை முழமாவது தள்ள வேண்டும். நேர்வாய்க்கு வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால் ‘ப’வில் வெடிக்கிற காற்று மைக்கைத் தாண்டிப் போகும். பறையும் கூட வாசிப்பதாயிருந்தால் மைக்கின் முதுகுப் பக்கம் உட்கார வைக்கலாம். அந்தப் பக்கம் அதற்குக் காது மந்தம். லெவலை உச்சக் குரலில் பார்த்து, அதற்கும் கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும், நிஜப் பாட்டில் எவரும் ஒத்திகையைவிட ஓங்கித்தான் பாடுவார்கள். மேடையில் கைமைக் பிடித்தே பழகியவருக்கு ஷூர் எஸ்எம் 58 ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. 1966இலிருந்து இருக்கிற மைக், ரொம்ப சாதாரணம். ஆனால் அந்தக் கைக்கு அதைத்தான் தெரியும்.

திறந்த வெளிக்குப் பழகிய குரலை அடைத்த அறையில் எப்படிப் பிடிப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மேற்கு பெர்லினில் இருக்கிறது. 1977இல், சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஹான்ஸா ஸ்டுடியோவில், டேவிட் போவி ‘ஹீரோஸ்’ பாடினார். தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி மூன்று மைக் வைத்தார். முதலாவது ஏறத்தாழ ஒரு சாணில். இரண்டாவது இருபது அடியில். மூன்றாவது ஐம்பது அடியில். தூரத்து மைக்குகள் இரண்டும் குரல் ஓங்கினால் மட்டுமே திறந்துகொள்ளும். மெல்லப் பாடும்போது காதோரம். போகப் போக அவர் கத்தினால்தான் அந்தப் பெரிய கூடமே விழித்துப் பதில் சொல்லும். ‘கத்தாதீங்க’ என்பதற்கு நேர் எதிரான பொறியியல். எங்களிடம் அவ்வளவு பெரிய கூடமில்லை. அந்த இளைஞர் இரண்டாவது மைக் ஒன்றை, கதவைத் திறந்து விட்டு, வெளி வராந்தாவில் வைத்தார். போதுமானதாக இருந்தது.

டேக்குகளை வெட்டி ஒட்டுவது பற்றி நம்மவர்களுக்கு ஒரு ஒழுக்கவாதம் உண்டு: ‘அதெல்லாம் போலி’ என்று. நான் அப்படி நினைக்கவில்லை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்தது என்ன? பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்து ஒரு பாடத்தை எழுப்பினார். நாலு டேக்கிலிருந்து ஒன்றைக் கட்டுவதும் பாடத்தேர்வுதான். ஆனால் ஏட்டுக்குப் பின்னால் தொலைந்துபோன ஒரு மூலத்தை ஊகிக்கலாம். வாய்மொழிப் பாட்டில் ஒவ்வொரு தடவை பாடுவதும் மூலம். இரண்டாவது டேக்கிலிருந்து ஒரு அடியை எடுத்து நான்காவதில் பொருத்தினோம், இடையில் ஒரு லாரி ஹாரன் விழுந்துவிட்டதால். தையல் தெரியவே இல்லை என்று எங்களுக்குப் பெருமை. ஆயா கேட்டுவிட்டு அதே இடத்தில் கையைத் தூக்கினார். ‘இது வேற மூச்சு’ என்றார். லாரி ஹாரனையே வைத்துக்கொண்டோம்.

சுதி திருத்தும் மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ-ட்யூன் 1997இல் வந்தது. மறு வருஷமே ஷேர் ‘பிலீவ்’ பாட்டில் அதை ஒளிக்காமல், ஒரு வாத்தியம் போலப் பயன்படுத்தினார். அது நேர்மை. ஆனால் முதல் ஸ்டுடியோவில் ஆயாவின் குரலை அதற்குள் செலுத்தியபோது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் இழைந்து வழுக்கும் இழுப்புகளை எல்லாம் அது பிழை என்று எண்ணிப் படிக்கட்டு ஆக்கியது. ஒப்பாரி முழுக்க அந்த இழுப்புகளில்தான் இருக்கிறது.

இனிச் சொல்வது எழுதக் கூசுகிற விஷயம். இரண்டாவது நாள் மூன்று டேக் முடிந்திருந்தது. மூன்றும் நன்றாகவே இருந்தன. எனக்குத்தான் போதவில்லை. ‘உடல்’ வரவில்லை என்று தோன்றியது. இடைவேளையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செத்துப்போன அவர் மகனைப் பற்றிக் கேட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தே கேட்டேன்.

1969இல் ஒரு நள்ளிரவில், லாஸ் ஏஞ்சல்ஸில், கர்ப்பிணியாயிருந்த மெரி கிளேட்டனைப் படுக்கையிலிருந்து எழுப்பி ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்டர்’ பாட வைத்தார்கள். மூன்று டேக்தான் பாடினார். ஓர் இடத்தில் குரல் கீறிப் பிளக்கிறது. அதை அப்படியே தட்டில் விட்டார்கள். ராக் இசையின் மகத்தான தருணம் என்று அதை எழுதாத ஆள் கிடையாது. அதன்பின் அவருக்குக் கருச்சிதைவு நேர்ந்தது என்பதை அத்தனை பேர் எழுதவில்லை. பாட்டுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரவின் கணக்கில் அதையும் எழுத வேண்டும் என்கிறேன்.

ஆயா அடுத்து எடுத்த பாட்டில் எல்லாம் வந்தது. இருமல் வந்தது. கூட இருந்த பெண்கள் அழுதார்கள். ஓரிடத்தில் லெவல் சிவப்பைத் தாண்டியது. இளைஞர் மிஷினை விட்டு எழுந்து நின்றுவிட்டார். ‘இதுதான்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அது வேணாம்பா’ என்றார்.

‘ஏன் ஆயா? அதுதான் நல்லா வந்திருக்கு.’

‘அது பாட்டு இல்ல. அது நான் அழுதது. அழறது வேற, ஒப்பாரி சொல்றது வேற. இன்னொரு வாட்டி சொல்றேன், அத வெச்சிக்க.’

பார்த்தைப் படித்தவன் நான். குரலில் உடல் கேட்க வேண்டும் என்று கிளம்பியவன், உடல் உடைந்ததையே கலை என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் எத்தனையோ வீட்டுச் சாவுக்கு, தனக்குச் சம்பந்தமில்லாத பிணத்துக்கும்கூட, அடுத்தவர் அழுவதற்கு வழி வெட்டிக் கொடுத்தவர் அவர். அடியை எங்கே நிறுத்தினால் எதிரே இருப்பவள் உடைவாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கட்டுப்பாடுதான் அவர் தொழில். ‘மக்கள் கலைஞர்’ என்று பட்டம் சூட்டும்போது அந்த இரண்டாவது சொல்லை நாம் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறோம்!

மறுபடி பாடினார். நாங்கள் நான்காவது டேக் என்று கணக்கில் வைத்திருப்பது அதைத்தான். முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, மிஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முன்னது எங்கே இருக்கிறது, காட்டு என்றார். இளைஞர் திரையில் காட்டினார். அழி என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஆட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘போச்சா?’

‘போச்சு ஆயா.’

‘திருப்பி வராதே?’

‘வராது.’

அதற்கப்புறம்தான் டீ வாங்கி வரச் சொன்னார்.